கணக்கைக் கேட்டால் தவறா?

கூட்டுரிமை வீட்டின் பராமரிப்புக் கட்டணம் உயர்கிறது. மின்தூக்கிப் பழுதுக்கு எவ்வளவு செலவானது என்று உரிமையாளர் ஒருவர் கேட்கிறார். "அதெல்லாம் நிர்வாக மன்ற உறுப்பினர்களுக்குத்தான்" என்கிறது அலுவலகம். பலர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் 47ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. உரிமையாளர் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதற்குரிய கட்டணத்தையும் செலுத்தினால், பொதுக்கூட்டக் குறிப்புகள், மன்றக் கூட்டக் குறிப்புகள், கணக்குப் புத்தகங்கள், காப்புறுதிப் பத்திரங்கள் ஆகியவற்றை நிர்வாகக் கழகம் பார்வைக்கு வைத்தாக வேண்டும். வீட்டை அடமானம் பிடித்த வங்கிக்கும், ஏன், வாங்க எண்ணுபவருக்கும்கூட இந்த உரிமை உண்டு. ஆனால் வாங்குவதற்கு முன் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பிறகு தலையில் கைவைப்பவர்களே அதிகம்.

வாய்மொழியாகக் கேட்டால் போதாது. அலுவலகத்தில் சத்தம் போடுவதைவிடத் தேதியிட்ட கடிதம் மேல். அன்றாட வேலைகளை நிர்வாக முகவரிடம் விட்டிருந்தாலும் பொறுப்பு கழகத்தினுடையதுதான். அப்படியும் மறுத்தால் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் வாரியத்தை நாடலாம். ஆவணங்களைக் கொடுக்கும்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. கடிதத்தின் நகல் அங்கேதான் கைகொடுக்கும்.