கொல்லைப்புறத்து ஃபீடரும் நான்கு பருவங்களும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்கு விதை வைப்பது பரவலான வழக்கம். மரக்கிளையில் தொங்கும் குழாய், கூரை போட்ட பெட்டி, விளிம்பு கட்டிய தட்டு என்று பல வடிவங்களில் கிடைக்கும் இந்தச் சாதனத்தை ஃபீடர் என்கிறார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த, மெல்லிய கறுப்பு ஓடுள்ள சூரியகாந்தி விதைதான் பொதுவான தீனி. மரங்கொத்திகளுக்காக மாட்டுக் கொழுப்புக் கட்டியைக் கம்பி வலைக்குள் வைத்துத் தொங்கவிடுவார்கள். ஒரே ஃபீடரை ஓராண்டு விடாமல் கவனித்தால் வருகிற பறவைகள் மாறுவது தெரியும். ஆண்டு முழுக்க வருகிற பறவையே நிறமும் குணமும் மாறுவதும் தெரியும்.

செப்டம்பரில் ஃபீடர் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். புதிதாக விதை வைக்கத் தொடங்கியவர்கள், பறவைகளுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்படுவது இப்போதுதான். கவலைப்பட ஒன்றுமில்லை. காட்டிலும் வயலோரத்திலும் விதை, பழம், பூச்சி எல்லாம் மலிந்து கிடக்கும் காலம் அது. அக்டோபரில் வடக்குக் காடுகளிலிருந்து ஜங்கோ வந்து சேரும். சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமான இந்தச் சிறு பறவை ஃபீடரில் ஏறி உட்காருவது குறைவு. கீழே சிந்தியதைத் தரையில் பொறுக்கித் தின்னும். பனியோடு வந்து பனியோடு போவதால் பனிப்பறவை என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

இலையுதிர்காலத்தில் நெருங்கிப் பார்க்க வேண்டிய பறவை கருந்தொப்பிச் சிக்கடி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். அது ஃபீடரில் உட்கார்ந்து தின்பதில்லை. ஒரே ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் பறக்கும்; இரண்டு கால்களுக்கிடையே அதை இறுக்கிப் பிடித்து அலகால் தட்டி உடைக்கும்; மறுபடி வரும். சில நடைகளில் விதையைத் தின்னாமல் மரப்பட்டை இடுக்கிலோ பாசிக்குள்ளோ செருகிவிட்டு வந்துவிடும். இப்படி ஒவ்வொரு விதையையும் ஒவ்வோர் இடத்தில் ஒளித்துவைத்துவிட்டு, பிறகு இடம் நினைவு வைத்துப் போய் எடுக்கிறது. இடநினைவைக் கையாளும் மூளைப் பகுதியில் இந்தப் பருவத்தில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாகச் சேர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்தச் சேமிப்பின் அருமை ஜனவரியில்தான் தெரியும். குளிர் உறைநிலைக்குப் பத்து, இருபது டிகிரி கீழே இறங்கும், பகலோ குறுகியது. சிக்கடி பகலில் தின்று சேர்த்த கொழுப்பை இரவெல்லாம் உடல் நடுங்கி எரித்துத்தான் உயிரைப் பிடித்துவைக்கிறது. கொழுப்பு சீக்கிரம் தீர்ந்துவிடாதபடி உடல் வெப்பத்தையும் பகலில் இருப்பதைவிடச் சுமார் 10 டிகிரி வரை தாழ்த்திக்கொள்கிறது. விடியும்போது சேமிப்பு ஏறக்குறைய காலி. குளிர்கால விடியலிலேயே ஃபீடரில் நெரிசல் தொடங்குவது இதனால்தான்.

அப்படியானால் மனிதர் வைக்கும் விதைதான் இவற்றைக் காப்பாற்றுகிறதா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிக்கடிகளைப் பற்றி 1988இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஃபீடர் இருந்த இடத்தில் குளிர்காலத்தைத் தாண்டியவை 69 சதவீதம். இல்லாத இடத்தில் 37 சதவீதம். கடுங்குளிர் மாதங்கள்தான் இந்த வேறுபாட்டை உண்டாக்கின. ஃபீடருக்கு வந்த பறவைகளும் தமக்கு வேண்டிய உணவில் பெரும்பங்கைக் காட்டிலேயே தேடிக்கொண்டன. நெடுங்காலம் விதை வைத்த ஓரிடத்தில் அதை நிறுத்திப் பார்த்தபோது, அங்கிருந்த சிக்கடிகள் மற்றவற்றைப் போலவே பிழைத்தன. ஃபீடருக்குப் பழகிய பறவை சுயமாய் இரை தேட மறந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

சில குளிர்காலங்களில் எதிர்பாராத விருந்தாளிகளும் வருவார்கள். வடக்குக் காடுகளில் ஊசியிலை மரங்களும் பிர்ச் மரங்களும் விதை பிடிக்காத ஆண்டில் ரெட்போல், பைன் சிஸ்கின், ஈவினிங் குரோஸ்பீக் போன்றவை கூட்டங்கூட்டமாகத் தெற்கே இறங்கும். அடுத்த ஆண்டு ஒன்றுகூட எட்டிப் பார்க்காமல் போகலாம்.

மார்ச்சில் செந்தோள் கரும்பறவைகள் திரும்பிவிடும். இடம்பெயராமல் அங்கேயே குளிரைத் தாங்கிய கார்டினல் ஜோடியும் நடத்தையை மாற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் பெட்டையை ஃபீடரிலிருந்து விரட்டிய செந்நிற ஆண், இப்போது விதையின் ஓட்டை உரித்துப் பருப்பை அதன் அலகிலேயே ஊட்டும். ஸ்டார்லிங்கின் உடம்பிலிருந்த வெள்ளைப் புள்ளிகள் காணாமல் போகும். அது இறகு உதிர்ப்பதில்லை. இலையுதிர்காலத்தில் முளைத்த இறகுகளின் வெள்ளை நுனி தேய்ந்து மறைகிறது, அவ்வளவுதான். கோல்டுஃபிஞ்சின் கதை வேறு. மங்கிய பழுப்பு இறகுகளை அது உதிர்த்துவிட்டுப் புதியன வளர்ப்பதால், ஏப்ரலில் ஆண் பறவை பாதி பழுப்பும் பாதி மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாய்த் தெரியும். மே மாதத்தில் எலுமிச்சை மஞ்சள் உடலும் கறுப்பு நெற்றியுமாய் அது வேறு பறவைபோல வந்து நிற்கும்.

கோல்டுஃபிஞ்சுக்கு மிகவும் பிடித்த தீனிக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. நுண்ணிய துளைகள் உள்ள குழாய்களில் நிரப்பும் கறுப்பு நிற நைஜர் விதை, நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் பேய் எள்தான். எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அது அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. அதில் கலந்து வரும் களைவிதைகள் முளைத்துவிடாதிருக்க, அதைச் சூடேற்றிய பிறகே அங்கே விற்பனைக்கு விடுகிறார்கள்.

மே தொடக்கத்தில் ஒன்டாரியோவுக்கு ஹம்மிங் பறவை வந்துவிடும். ஏறத்தாழ மூன்று கிராம் எடையுள்ள இவற்றில் பல, மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து வருபவை. அவற்றுக்கு வைப்பது சர்க்கரைத் தண்ணீர்: ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். சிவப்புச் சாயம் கலக்கத் தேவையில்லை. கலமே சிவப்பாக இருந்தால் போதும். வெயிலில் புளித்துவிடும் என்பதால் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

கோடையில் விதைக்கு மதிப்புக் குறையும். பெரும்பாலான பறவைகள் குஞ்சுகளுக்குப் புழுவைத்தான் ஊட்டுகின்றன. சிக்கடி ஜோடி ஒரே ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க ஆயிரக்கணக்கான கம்பளிப்புழுக்களைப் பிடித்தாக வேண்டும். அந்தப் புழுக்கள் உள்ளூர் மரங்களில் இருப்பவை; ஃபீடர் அதற்கு ஈடாகாது. குஞ்சுக்கும் விதையையே ஊட்டும் கோல்டுஃபிஞ்ச் மட்டும், செடிகள் விதை கட்டும் ஜூலைவரை காத்திருந்து கூடு கட்டும். கரடி நடமாடும் பகுதிகளில் இப்பருவத்தில் ஃபீடரையே இறக்கிவிடுவது நல்லது.

பல பறவைகள் ஓரிடத்தில் கூடினால் நோயும் கூடும். 1994இல் வாஷிங்டன் நகரை அடுத்த பகுதியில், கண் வீங்கி மூடிய ஹவுஸ் ஃபிஞ்சுகளை முதலில் கவனித்துச் சொன்னவர்கள், தம் ஃபீடரைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண மக்களே. மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் உண்டாக்கிய அந்தக் கண்நோய் சில ஆண்டுகளில் கிழக்குப் பகுதி முழுவதும் பரவி, அந்த இனத்தின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஃபீடரைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுவது கட்டாயம். நோயுற்ற பறவை தென்பட்டால் சில நாள் ஃபீடரை எடுத்துவிட வேண்டும். கண்ணாடி ஜன்னலில் மோதிச் சாகும் பறவைகளும் பல. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஃபீடர் இருந்தால், பறவை வேகம் பிடிப்பதற்கு முன்பே கண்ணாடியை எட்டிவிடுவதால் அடி பலமாக விழாது.

வேடிக்கை பார்ப்பதையே ஆவணமாக்கும் முயற்சி 1976இல் ஒன்டாரியோவில் தொடங்கியது. லாங் பாயிண்ட் பறவை ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக்கா டன் ஏற்படுத்திய அந்தக் கணக்கெடுப்பு, 1987இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் சேர்ந்துகொள்ள, புராஜெக்ட் ஃபீடர்வாட்ச் என்ற பெயரில் வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, தொடர்ந்த இரண்டு நாள்களில் ஃபீடரைக் கவனித்து, ஓர் இனத்தில் ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை பறவைகள் தெரிந்தன என்பதை மட்டும் குறிக்க வேண்டும். போய்த் திரும்பி வருகிற சிக்கடியை இருமுறை எண்ணிவிடாதிருக்கவே இந்த விதி. எதுவும் வராத நாள்களின் கணக்கும் தேவைப்படுகிறது. ஓர் இனம் குறைந்துவருவது அதில்தான் முதலில் தெரியும்.