தாழ்ந்த காரும் தூக்குக்குண்டும்

பங்குனியில் திருப்பரங்குன்றத்துத் தேர் மலையைச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தடியில் கட்டை கொடுத்துத்தான் திருப்புகிறார்கள். திரும்பும்போது சக்கரம் உருள்வதோடு நிற்காமல், பக்கவாட்டில் தரையை அரைத்துக்கொண்டும் நகர்கிறது. தேர்ச் சக்கரம் அதைத் தாங்கும். ரப்பர் டயர் தாங்குமா?

பக்கத்திலேயே பசுமலை. அவ்வழியே திருமங்கலம் செல்லும் சாலையில், வயிறு தரையைத் தொடுமோ என்னும்படி தாழ்த்திய கார் ஒன்று எப்போதாவது போகும். சுருள்வில்லை மாற்றி உடலை இறக்கியிருப்பார்கள். இறக்கியது உடலை மட்டுமா? சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் ஒரு முனை உடலோடும் மறுமுனை சக்கரத்தோடும் இணைந்திருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையும் அப்படியே. உடல் இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு வட்டவில்லில் நகர்கின்றன. அதனால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ தள்ளப்படுகிறது. பெரும்பாலும் அதன் தலையும் உள்நோக்கிச் சாய்கிறது.

எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டே சொல்லிவிடும். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்தச் சொல்லுங்கள். முன்சக்கரம் இரண்டிலும், அச்சின் உயரத்தில், டயரின் முன்முகத்து நடுவில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அங்கிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றும்வரை காரை முன்னோக்கித் தள்ளுங்கள். பின்னோக்கித் தள்ளினால் இணைப்புகளின் தளர்வு அளவைக் கெடுத்துவிடும். அதே புள்ளிகள் இப்போது பின்பக்கம், அதே உயரத்தில் இருக்கும். மறுபடியும் குறியிட்டுக் காரை நகர்த்திவிட்டு, இரண்டு ஜோடிக் குறிகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள்.

முன் இடைவெளி 5 மி.மீ. குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 2.5 மி.மீ. டயரின் குறுக்களவு 50 செ.மீ. என்றால் சாய்வு 200-இல் 1. அதாவது ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது! மதுரையிலிருந்து திருமங்கலம் ஏறத்தாழ 20 கி.மீ. கணக்கை நீங்களே போடுங்கள். இரு சக்கரமும் எதிரெதிராகத் தள்ளுவதால் கார் நேராகவே ஓடும். ஓட்டுநருக்குச் சந்தேகமே வராது.

திருத்துவது பெரியவர்கள் வேலை. ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் நீங்கள் நுழையவே கூடாது. முதலில் உயரம், அடுத்து தலைச்சாய்வு, கடைசியில்தான் டை ராட். முன்னிரண்டில் கைவைத்தால் மூன்றாவதும் மாறிவிடும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். இரு பக்க டை ராடையும் சமமாகத் திருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் அளவு சரியாகும். ஆனால் கார் நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்பது காருக்குக் கார் வேறுபடும், கையேட்டைப் பாருங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் காரைச் சிறிது தூரம் ஓட்டி, வில் படிந்த பிறகே மறுபடியும் அளக்கவேண்டும்.

தாழ்த்திய காரில் டயர் பெரும்பாலும் உள்விளிம்பில்தான் தேயும். வெளியே நின்று பார்த்தால் புதிது போலவே தெரியும். உள்ளே நூலிழை வெளிவந்திருக்கும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிப்பது அந்த இடம்தான். கார் அசையாமல் நிற்கும்போது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பச் சொல்லி அந்த விளிம்பை எட்டிப் பாருங்கள்.