தொலைந்ததைத் தேடித் தரும் தோழர்

கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. அம்மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழரில் கத்தோலிக்கரும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கருக்கு மிகப் பிரியமானவர் அந்தோணியார். கடவுள் இருக்கும்போது அவரிடம் ஏன் வேண்டுகிறார்கள்?

ஆராதனை இறைவனுக்கு மட்டுமே. புனிதருக்கு உரியது வணக்கம் என்கிறது திருச்சபை. 'எனக்காகச் செபியுங்கள்' என்று நண்பரிடம் கேட்பதில்லையா, அதுபோலத்தான். அந்த நட்பைச் சாவும் முறிப்பதில்லை என்பது நம்பிக்கை.

லிஸ்பனில் பிறந்த அந்தோணியார் 1231இல் மறைந்தார். பதுவை நகரில் அவரை அடக்கம் செய்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பக்தி அதனால் வந்தது. களவுபோன அவரது சங்கீதப் புத்தகம், அவர் செபித்தபின் திரும்பி வந்ததாம். ஆகவே பொருள் தொலைந்தால் அவரைக் கூப்பிடுகிறார்கள். கிடைத்ததும் மறந்துவிட்டால் அது நட்பா, வியாபாரமா? நேர்ந்துகொண்டவர்கள் அவர் பெயரால் ஏழைகளுக்கு அப்பம் வழங்குவது நெடுநாள் வழக்கம்.