நெரை நினைவிருக்கு, மாத்திரை நினைவில்லை

பேராவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெரியவர்களிடம் பழைய கதை கேட்டால் பொழுது போவதே தெரியாது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, கங்காணியின் அதட்டல், காண்டா வாளியில் தோள் வலிக்கச் சுமந்த பால், தனக்கு வெட்ட விட்ட மர வரிசையான நெரையில் எந்த மரம் அதிகம் பால் கொடுத்தது என்பதுவரை ஒன்றுவிடாமல் சொல்வார்கள். இப்படிச் சொல்கிறவருக்கு மறதி என்றால் வீட்டில் யார் நம்புவார்? "அவசரகாலத்துல நடந்ததையே நேத்து நடந்த மாதிரி சொல்றாரே!" என்பார்கள்.

ஏமாறுவது இந்த இடத்தில்தான். பழைய நினைவுகள் கடைசியில்தான் கரையும். முதலில் ஆட்டம் காண்பது, புதிதாக ஒன்றைப் பதிந்துவைக்கும் திறன். காலை மாத்திரையைப் போட்டாயிற்றா, பேத்தி எப்போது வருவதாகச் சொன்னாள் என்று அரைமணிக்குள் மூன்று முறை அதே கேள்வி வரும்.

ஒரு பெயர் நாக்கு நுனியில் நின்று, சற்று நேரம் கழித்து வந்தால் அது வயதின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. கூட இருப்பவர்கள் கவனிக்கும் அளவுக்கு மறதி கூடி, சோதனையிலும் அது தெரிந்து, ஆனால் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதென்றால், அதை டாக்டர்கள் லேசான அறிவாற்றல் குறைவு என்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் 1999இல் இதற்கு வரையறை கொடுத்தார்கள். இது மறதிநோய் அல்ல, அதற்கு முந்திய படியாக இருக்கலாம். இந்தக் குறைவோடு நினைவாற்றல் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் மறதிநோய்க்குள் போகிறார்கள். மற்றவர்களில் பலர் அப்படியே நிற்கிறார்கள். சிலர் தேறியும் விடுகிறார்கள்.

நம் தோட்டத்து மனிதர்களிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று கேட்கும் சோதனை, தமிழ்ப்பள்ளியில் இரண்டு மூன்று வகுப்போடு நின்றவரிடம் பள்ளிப் படிப்பை அளக்குமே தவிர மூளையை அளக்காது. அவரவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலைதான் சரியான அளவுகோல். கோயில் திருவிழாவுக்கு அண்டா சாம்பாருக்குக் கண்ணளவில் உப்புப் போட்ட பாட்டி, இன்று ஆறு பேர் குழம்பில் இரண்டு தரம் போடுகிறார். நோட்டே இல்லாமல் மாதச் சீட்டான கூட்டு பிடித்து, யார் கொடுத்தார், யார் பாக்கி என்று மனத்தில் வைத்திருந்தவர், இந்த மாதம் யார் முறை என்று தடுமாறுகிறார். ஈப்போவின் புந்தோங் சந்தைக்கு மோட்டாரில் போகும் தாத்தா, பழகிய முச்சந்தியில் நின்று யோசிக்கிறார்.

படிப்பு குறைந்தவர்களைச் சோதிப்பதில் உள்ள இந்தச் சிக்கல் தெரிந்தே மலேசியாவின் 2018 தேசிய சுகாதார ஆய்வில், ஆப்பிரிக்காவில் படிப்பு குறைந்த முதியோருக்காக உருவாக்கிய சோதனையைப் பயன்படுத்தினார்கள். பத்துச் சொற்களைக் கேட்டு மீண்டும் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் வருகிறது என்று எண்ணுவார்கள். நான்கு தீக்குச்சிகளை ஒரு வடிவில் அடுக்கிக் காட்ட, பார்த்து அதேபோல் அடுக்க வேண்டும். எழுத்தே வேண்டாம். அந்த ஆய்வின்படி மலேசியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும். பள்ளி போகாதவர்களிடம் அது அதிகம்.

லயத்து வீடுகளில் இருந்தவரை இதெல்லாம் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. வழி தவறினால் கைபிடித்துக் கூட்டிவர நாலு பேர் இருந்தார்கள். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் ஈப்போ புறநகர் மலிவு வீடுகளுக்கு வந்த பிறகு, பிள்ளைகள் வேலைக்குப் போனால் மாலைவரை பேச ஆளில்லை.

கிளினிக்குக்குக் கூப்பிட்டால் இன்னொரு தடை: "என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் அனுப்பப் போறியா?" 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், அந்த ஊர்ப்பெயரே பேராவில் கேலியாகிவிட்டது. மறதிக்குப் பார்க்க அங்கே போக வேண்டியதில்லை. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கினால் போதும்.

போனால் லாபம் உண்டு. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் சில மாத்திரைகள் எல்லாமே மறதிநோய் போல நடிக்கும், சரிசெய்யவும் முடியும். நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது சகஜம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரியோ 18.3. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காது மந்தம், பார்வைக் குறைவு, குடி, புகை, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு சொன்னது. காது கேட்காதவரைத்தான் நாம் மறதிக்காரர் ஆக்கிவிடுகிறோம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. ஞாபகசக்தி கூடும் என்று விற்கும் டப்பாக்களுக்குக் கொட்டும் பணத்தைக் காது கருவிக்குச் சேர்க்கலாம்.

வீட்டில், நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி வையுங்கள். "இது யாரு, சொல்லு பாக்கலாம்" என்று விருந்தாளி முன் பரீட்சை வைக்காதீர்கள். கீரை ஆய்வதும் பூ கட்டுவதும் கையை விட்டுப் போகவேண்டாம். அடுப்பை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டுப் பத்திரம், ஈபிஎஃப் வாரிசு நியமனம் போன்றவற்றை அவரே யோசித்து முடிவெடுக்க முடிகிறபோதே முடித்துவிடுவது நல்லது.

கிளினிக்குக்கு, கூடவே வாழ்கிறவர் உடன் போக வேண்டும். எப்போதாவது வந்துபோகும் மகனுக்கு அன்றாடத் தடுமாற்றம் தெரியாது. சோதனை மலாயில் நடந்தால், தமிழில் கேட்கச் சொல்லுங்கள், அல்லது மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். மதிப்பெண்ணை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து வரும் அடுத்த மதிப்பெண்ணை அதோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடு அல்ல.