பெல்ட் எப்போது மாறும்?

கராத்தே வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய நமக்கு, சில மாதங்களுக்கொரு தேர்வு, புதிய பெல்ட் என்பதே கணக்கு. பெங்களூரிலும் இப்போது கற்பிக்கப்படும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் அந்தக் கணக்கு செல்லாது. 1914-இல் பிரேசில் சென்ற ஜப்பானிய ஜூடோ வீரர் மயேதாவின் பயிற்சியிலிருந்து கிளைத்த கலை இது. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி சிறுவர்களுக்கு வெள்ளைக்குப் பின் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. மஞ்சளுக்கு 7 வயது, ஆரஞ்சுக்கு 10, பச்சைக்கு 13. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் நீலம் 16-இல்தான்!

என் மகளுக்கு 9 வயது, இன்னும் வெள்ளை. கராத்தே பயிலும் அடுத்த வீட்டுப் பையன் இரண்டு நிறம் தாண்டியதும், "இனி போகமாட்டேன் அப்பா" என்று அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அன்று கற்றதை என்னிடம் காட்டச் சொன்னேன். கூடத்துப் பாயில் என் பிடியிலிருந்து இடுப்பை நகர்த்தி நழுவினாள். பிறகு என் கையை மடக்கினாள். வலித்ததும் பாயைத் தட்டினேன், உடனே விட்டாள். தட்டினால் விடவேண்டும் என்பது முதல் பாடமாம்.

இப்போது வாரம் இருமுறை தவறாமல் போகிறாள். (மாலை நெரிசலில் அழைத்துச் செல்வது தனி வித்தை!) பெற்றோருக்கு ஒன்று: ஆசிரியரிடம் "பெல்ட் எப்போது?" என்பதைவிட, "எதில் இன்னும் பயிற்சி தேவை?" என்று கேளுங்கள், விவரமாகச் சொல்வார்.