அந்த நம்பர் ஆருக்குச் சொந்தம்?

2007 மார்ச்சில, மக்லரன் ஃபார்முலா 1 அணியின் டெஸ்ட் டிரைவர் பெட்ரோ டி லா ரோசா தன் அணியின் தலைமை வடிவமைப்பாளருக்கு ஒரு ஈமெயில் போட்டார். ஃபெராரி காரின் எடை முன்னுக்கும் பின்னுக்கும் எப்பிடிப் பங்கிடப்பட்டிருக்கு எண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ, எங்கட சிமுலேட்டரில போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் அதன் சாரம். கேட்டது ஒரேயொரு விசயம். ஆனா பிறகு அதே வடிவமைப்பாளரின் வீட்டில ஃபெராரியின் 780 பக்க ஆவணம் அகப்பட்டது. அதைக் கொப்பி எடுக்கக் குடுத்த சரே கடையில வேலை செய்த ஒருத்தர் ஃபெராரிக்குத் தகவல் சொன்னதாலதான் விசயம் வெளியில வந்தது. அந்தச் செப்டெம்பரில மக்லரனுக்கு 100 மில்லியன் டொலர் அபராதம், அந்த வருசத்து அணிப் புள்ளிகள் முழுக்கப் பறிபோனது.

மக்லரன் இருக்கிற வோக்கிங், வாட்டர்லூவில ரெயின் ஏறினால் அரை மணித்தியாலத் தூரம்தான். எங்கட சிம் ரேசிங் லீக்கில இருக்கிற பெடியள் சிலர் அதைவிடக் கிட்ட. அந்த லீக்கின் வட்ஸ்அப் குழுவில இதே மாதிரி நம்பர்கள் ஒவ்வொரு கிழமையும் ஒரு தம்ஸ்அப்புக்குக் கை மாறுது. அதைப் பற்றித்தான் பொட்காஸ்டில கதைச்சம். அங்க நேரம் காணாததை இங்க எழுதுறன்.

முதல்ல, தெரியாத ஆக்களுக்கு: செட்டப் எண்டால் ஓட முன்னம் காரை எப்பிடித் திருத்தி வைக்கிறது என்பது. டயர் காற்று, பின் விங்கின் சரிவு, அன்டி ரோல் பார் எவ்வளவு இறுக்கம், பிரேக் முன்னுக்குக் கூடவா பின்னுக்குக் கூடவா, இப்பிடி ஐம்பதுக்குக் கிட்ட. (வீட்டில சத்தமா "செட்டப்" எண்டு சொல்லாதீங்கோ. தமிழ்ப் படம் பார்க்கிற அம்மாக்கள் வேற அர்த்தத்தில எடுப்பினம்.)

நாங்கள் ஓடுறது அசெட்டோ கோர்சா கொம்பெட்டிட்சியோனே, சுருக்கமா ஏசிசி. 2025 ஜனவரியில துபாய் 24 மணித்தியால ஓட்டத்தில அஜித் குமாரின் அணி 992 வகுப்பில மூன்றாவதா வந்த பிறகு, பாதிப் பேருக்கு போர்ஷே 992 கப் கார் தவிர வேற காரே வேண்டாம். ஏசிசி செட்டப்பை வெறும் ஜேசன் ஃபைலா சேமிக்கும். நோட்பேடில திறக்கலாம். திறந்தால் உங்களுக்கு ஒண்டும் விளங்காது, ஏனெண்டால் டயர் காற்று இத்தனை பிஎஸ்ஐ எண்டு அதில இல்லை. அடியில இருந்து எத்தனை கிளிக் எண்டு மட்டும்தான் இருக்கும். ஏன் அத்தனை கிளிக், எந்த வெப்பநிலையில ஓடினது, எழுதினவர் பிரேக்கை எப்பிடி விடுற ஆள், ஒண்டும் இல்லை. வெளியில ஒரு டிகிரி சூடு மாறினால் டயரில ஏறத்தாழ 0.1 பிஎஸ்ஐ மாறும். 25 டிகிரியில செய்த செட்டப்பை 15 டிகிரி சேர்வரில போட்டால் ஒரு பிஎஸ்ஐ குறைவு. கார் வழுக்கும், செட்டப் கூடாது எண்டு நீங்கள் அவரைத் திட்டுவீங்கள்.

அம்மாட்ட கறி எப்பிடி வைக்கிறது எண்டு கேட்டால் "உப்பு அளவாப் போடு" எண்டு சொல்லுவாவே, அதே கதைதான். கைப்பக்குவம் ஃபைலில ஏறாது.

போன சீசனில பிரச்சினை வந்தது. வசதியான மூண்டு பேர் மாதச் சந்தா கட்டி, ஒரு கொம்பனியின் செட்டப்புகளை எடுத்து ஓடத் தொடங்கிச்சினம். காசுக்கு விற்கிறது பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ஒரு நல்ல செட்டப்புக்குப் பின்னால ஆரோ இருந்து ஓடின நூற்றுக்கணக்கான சுற்றுகள் இருக்கு. ஆனா ஈஸ்ட்ஹாமில இருந்து ஒரு தம்பி ஓடுறான். ஏ லெவல் படிக்கிறான், ஸ்டீயரிங் செகண்ட் ஹாண்ட், சந்தாவுக்குக் காசில்லை. நல்லா ஓடுற பெடியன், மேசையில பத்தாவது, பதினோராவது எண்டு இறங்கிக்கொண்டே போனான். பிறகு ஆரோ இரக்கப்பட்டு அந்தக் காசுக் கட்டின ஃபைலையே குழுவில போட்டுவிட்டினம். அட்மின் எண்ட முறையில நான் அழிச்சன். சந்தா விதியில பகிரக்கூடாது எண்டு இருக்கு.

"அண்ணா, அது வெறும் நம்பர்தானே. நம்பர் எப்பிடி ஒருத்தருக்குச் சொந்தம்?" எண்டு கேட்டான்.

பத்து வருசமா மற்றவையின்ர கோட் எழுதிச் சாப்பிடுற எனக்கு உடன பதில் வரேல்லை. மக்லரன் கதையிலயும் கேட்டது வெறும் நம்பர்தானே.

சனிக்கிழமை டிஸ்கோர்டில ரெண்டு பேரும் இருந்தம். பிரான்ட்ஸ் ஹட்ச், பாடக் ஹில் வளைவு. வலப்பக்கம் திரும்பிக்கொண்டே கீழ விழுற இடம். அந்த ஃபைலைப் போட்டு அவன் ஏற்கெனவே ஓடிப் பார்த்திருந்தான், ஒவ்வொரு தரமும் அங்க சுழண்டான். வியப்பில்லை. போர்ஷேயின் எஞ்சின் பின்னுக்கு இருக்கு. வளைவுக்குள்ள அக்சிலரேட்டரை விட்டால் பாரம் முன்னுக்குப் போய், பின்பக்கம் சுத்தப் பார்க்கும். அதைத் தெரிஞ்சு வைச்சுக் காரைத் திருப்புற வேகமான ஆளுக்குச் செய்த செட்டப் அது. இவன் பயந்து காலை எடுக்கிற பெடியன். நான் அவனை கேமில வாற சாதாரண செட்டப்பில தொடங்கச் சொன்னன். பின் அன்டி ரோல் பாரை ரெண்டு கிளிக் இளக்கினம். ஒருக்கா ஓடு. பின் விங்கை ஒண்டு கூட்டினம். ஒருக்கா ஓடு. ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தவேணும், இல்லாட்டி எது வேலை செய்தது எண்டு தெரியாது. டீபக் பண்ணிற ஆக்களுக்கு இது புதுசில்லை. நேர் ரோட்டில கொஞ்சம் வேகம் போச்சுது, ஆனா இருபது சுற்றில ஒருக்காக்கூட சுழலேல்லை.

இந்த சீசனில லீக்குக்கு ஒரு கிட் ரெப்போ திறந்திருக்கிறன். ஜேசன் எண்டபடியா டிஃப் பார்க்கலாம், ஆர் எதை மாத்தினது எண்டு வரிக்கு வரி தெரியும். (ஐரேசிங்கின் எஸ்டிஓ ஃபைலில இப்பிடிச் செய்யேலாது, அது பைனரி.) சட்டம் ரெண்டுதான். காசுக்கு வாங்கினது உள்ள வரக்கூடாது. கமிட் மெசேஜில ஏன் மாத்தினது, எத்தனை டிகிரியில ஓடினது எண்டு எழுதாமல் ஒண்டும் சேர்க்கேலாது. ரெண்டாவது சட்டத்துக்குத்தான் எதிர்ப்பு. வேலையில என்ர டீமிலயும் அதே எதிர்ப்புத்தான்.

சந்தா கட்டின மூண்டு பேரில ஒருத்தர் இப்ப தானாச் செய்த செட்டப் போடுறார். மற்ற ரெண்டு பேரும் இன்னும் முன்னுக்குத்தான் ஓடுகினம், அதையும் சொல்லவேணும். ஈஸ்ட்ஹாம் தம்பி ஏழாவது. அவன் கடைசியாப் போட்ட கமிட்: "18 டிகிரி. பாடக் ஹில்லில காலை எடுக்கிற ஆக்களுக்கு மட்டும்."

அடுத்த ஓட்டம் ஸ்னெட்டர்டன். அதுக்கு பிரிட்டிஷ் ஜிடி பக் தேவை, தள்ளுபடி வாற நேரம் பார்த்து வாங்குங்கோ. ரெப்போவில சேர விருப்பமெண்டால் இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்கோ.