ஒரு கமிட்டில் ஒரே வேலை

என் மென்பொருள் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கோடு எழுதுவதில் கெட்டிக்காரர்கள். எழுதியதை ஒப்படைக்கும்போதுதான் நான் பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. பில் போடும் மென்பொருளில் ஜிஎஸ்டி கணக்கு சில ரூபாய் உதைக்கிறது என்று திருத்தப் போவார்கள். போன இடத்தில் ஒரு மாறியின் பெயரையும் மாற்றுவார்கள். சோதித்துப் பார்க்கப் போட்ட பிரிண்ட் வரி அப்படியே கிடக்கும். வேலை நடக்கும்போது அப்படித்தான் இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'சில திருத்தங்கள்' என்று எழுதிக் கமிட் போட்டால் நான் விடமாட்டேன்.

கோடில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதைச் சேமித்து வைக்கும் கருவி கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு கமிட். லினக்ஸ் கெர்னலுக்குக் கோடு அனுப்புகிறவர்களுக்கு, அனுப்பும் ஒவ்வொரு மாற்றத் தொகுப்பிலும், அதாவது பேட்ச்சிலும், ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று ஓடவில்லை, இடையில் ஆயிரம் கமிட்டுகள் என்றால், கிட்டின் பைசெக்ட் கட்டளை பாதி பாதியாகக் கழித்துச் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளியைக் காட்டிவிடும். அந்தக் கமிட்டுக்குள் ஏழு வேலை கலந்து கிடந்தால்? அதற்குள் எது என்று மறுபடி கையால் தேட வேண்டியதுதான்.

பிரிப்பது கஷ்டமில்லை. 'கிட் ஆட்' கட்டளையோடு 'மைனஸ் பி' சேர்த்து அடித்தால், மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி ஒவ்வொன்றுக்கும் கேட்கும். ஜிஎஸ்டி துண்டுக்கு 'ஒய்', பெயர் மாற்றத்துக்கு 'என்'. இரண்டும் ஒரே துண்டில் வந்தால் 'எஸ்' தட்டுங்கள், பிரித்துக் கொடுக்கும். இடையில் மாறாத வரி ஒன்றுகூட இல்லையென்றால் அதனால் முடியாது, 'இ' தட்டி நாமே கையால் திருத்த வேண்டும். பிரிண்ட் வரிக்கு எப்போதும் 'என்'தான். பிறகு மிச்சத்தைக் கிட்டின் தற்காலிக ஒதுக்கிடமான ஸ்டாஷில் ஒதுக்கிவிட்டு, எடுத்து வைத்தது தனியாக ஓடுகிறதா என்று டெஸ்ட் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பலரும் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

கமிட்டோடு எழுதும் குறிப்பில் 'ஜிஎஸ்டி திருத்தம்' என்று மட்டும் எழுதினால் போதாது. பொருளுக்குப் பொருள் முழு ரூபாயாக்கியதால் மொத்தம் இடித்தது, இனி கூட்டிய பிறகே முழு ரூபாயாக்குகிறோம் என்று காரணத்தையும் எழுத வேண்டும்.

ஏற்கெனவே போட்ட கமிட்டுகளையும் ரீபேஸ் கட்டளையால் பிரிக்கலாம், சேர்க்கலாம், வரிசை மாற்றலாம். ஆனால் புஷ் செய்து, அதாவது பொதுவான சேமிப்பிடத்துக்கு அனுப்பி, மற்றவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் கை வைக்காதீர்கள். கமிட்டின் அடையாள எண்ணே மாறிவிடும். பழையதன் மேல் வேலை செய்துகொண்டிருப்பவர்களின் பிரதி உங்களுடையதோடு பொருந்தாது.